குற்றாலத்துல ஆட்டோ அண்ணாச்சியைப் பேச விடுங்க

இந்த சீசனுக்கு குற்றாலம் பிளான் போட்டாச்சா? அப்போ உங்க வாட்ஸ்அப் குரூப்ல இந்நேரம் லிஸ்ட் ஓடிட்டு இருக்கும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, நேரம் இருந்தா சிற்றருவி. ஸ்டாண்டுல ஒரு அண்ணாச்சிகிட்ட "எல்லா அருவிக்கும் சேர்த்து எவ்வளவுண்ணே?" என்று கேட்பீங்க. பேரம் பேசி ஏறினதும் புளூடூத் ஸ்பீக்கரை ஆன் பண்ணுவீங்க. நீங்க குளிச்சு முடிக்கிற வரைக்கும் அவர் பின்சீட்ல காலை நீட்டிப் படுத்திருப்பார். சாயங்காலம் கணக்குப் பார்த்தா நாலு அருவி. ஊர்ல ஒண்ணுமே பார்த்திருக்க மாட்டீங்க.

என்னைக் கேட்டா, அந்த வண்டியில இருக்கிறதுலயே பெரிய 'சைட்' அந்த அண்ணாச்சிதான். ஆனா அவருக்கு நாம கொடுக்கிற காசு கிலோமீட்டருக்கும் வெயிட்டிங்குக்கும் மட்டும்தான்.

ஸ்பெயினோட தென்கோடியில ஜிப்ரால்டர்னு ஒரு குட்டி பிரிட்டிஷ் பகுதி இருக்கு. மொத்தமே 6.8 சதுர கிலோமீட்டர்தான். கடலை ஒட்டி 426 மீட்டர் உயரத்துல ஒரு சுண்ணாம்புப் பாறை நிக்குது. அங்க 'ராக் டூர்' ரொம்ப பிரபலம். டாக்ஸி டிரைவரே கைடு. புனித மைக்கேல் குகையைக் காட்டுவார், 1779ல இருந்து 1783 வரை நடந்த முற்றுகையில பாறையைக் குடைஞ்ச சுரங்கத்தைக் காட்டுவார், கதையும் அவரே சொல்வார். வர்றவங்க அந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறாங்க. அங்கயும் டூரிஸ்ட் கையில இருக்கிறதைப் பிடுங்கிற குரங்குங்க உண்டு. நம்ம பேரருவிக் குரங்குக்கு பாஸ்போர்ட் மட்டும் கிடைச்சா மறுநாளே அங்க டியூட்டில ஜாயின் பண்ணிரும்.

குரங்கை விட்டுட்டுப் பார்த்தாலும், சொல்றதுக்கு நம்ம பக்கம் சரக்கு குறைச்சலா என்ன? திருநெல்வேலியில வெயில் கொளுத்துற ஜூலைல தென்காசியில மட்டும் ஏன் சாரல் அடிக்குது? மேற்குத்தொடர்ச்சி மலையில செங்கோட்டை பக்கம் ஒரு இடைவெளி, ஆரியங்காவு கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அது வழியா புகுந்து வருது. ஃபுளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வச்சவனுக்குக்கூட தென்காசி கோபுர வாசல்ல நின்னா அந்தக் காத்து புரிஞ்சிரும்.

அந்தக் கோயில் கதையே தனி. பராக்கிரம பாண்டியன் 1446ல ஆரம்பிச்சது. பிற்காலத்துல இதுக்கு ஏதாவது பழுது வந்தா, அதைச் சரிபண்றவங்க காலில் விழறேன் என்று அந்த ராஜா கல்வெட்டுல எழுதி வச்சிருக்கார். பழுது நிஜமாவே வந்துச்சு. நூறு வருஷத்துக்கும் மேல மொட்டைக் கோபுரமா நின்னு, 1990லதான் இப்போ நாம பார்க்கிற ஒன்பது நிலைக் கோபுரம் வந்தது. அந்த மொட்டைக் கோபுரத்தைக் கண்ணால பார்த்தவங்க இன்னும் ஸ்டாண்டுல வண்டி ஓட்டுறாங்க. இதை எந்த யூடியூப் விளாக்ல கேட்பீங்க?

பேரருவிக்குப் பக்கத்துலயே சித்திர சபை. நடராஜரோட ஐந்து சபைகள்ல ஒண்ணு, சுவரெல்லாம் ஓவியம். ஈர டவலோட தாண்டிப் போயிடுறோம். செங்கோட்டை வாஞ்சிநாதன் ஊர், 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். குறவஞ்சி எழுதின திரிகூடராசப்பக் கவிராயரோட மேலகரம், தென்காசி போற வழியிலயே இருக்கு. நமக்கு அவர் ஸ்கூல் பாடப்புத்தகத்தோட சரி.

கதை மட்டும் இல்ல, உயிரும் இதுல இருக்கு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்தான். மேல மலையில பெய்ற மழை, கீழ குளிக்கிறவனுக்குத் தெரியாது. வருஷக்கணக்கா அந்த மலையைப் பார்த்துட்டே வண்டி ஓட்டுறவர் "தம்பி, மேல கறுத்துக் கெடக்கு, இப்ப வேண்டாம்" என்று சொன்னா, அது வெதர் ஆப்பைவிட எனக்குப் பெரிசு. ஆனா அதைச் சொல்ல அவருக்கு என்ன லாபம்? ஒரு அருவி குறைஞ்சா நாம காசைக் குறைக்கிறோமே!

"அவங்க மசாலாக் கடையிலயும் மூலிகை எண்ணெய்க் கடையிலயும் இறக்கிவிட்டு கமிஷன் அடிப்பாங்க, கதையையும் அடிச்சுவிடுவாங்க" என்று நீங்க சொல்வீங்க. ரெண்டும் நடக்குதுதான். பேரம் பேசி வாடகையை நசுக்கினா, அந்தக் காசு கடை வழியா வெளியே வரும். கதைக்குன்னு நேரடியா ஒரு ரேட் இருந்தா கமிஷனுக்கு அவசியம் குறையும். தப்பான கதைக்கு என்ன பண்றது? தென்காசி 2019ல தனி மாவட்டம் ஆயிடுச்சு. மாவட்ட நிர்வாகம் சீசனுக்கு முன்னாடி விருப்பப்படுற டிரைவர்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி, ஒரு அடையாள அட்டை, ஸ்டாண்டுல அரைநாள் சுற்றுக்கு எழுதி ஒட்டின ரேட் கொடுக்கலாம். பெரிய பட்ஜெட் எல்லாம் தேவையில்ல.

இதைப் படிச்ச உடனே நம்ம டிபார்ட்மென்ட்ல எவனாவது ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு 'குற்றாலம் கைடு ஆப்' என்று டைட்டில் போடுவான். வேண்டாம்டா. காதுல ஹெட்செட் மாட்டி ரெக்கார்டிங் கேட்டா அண்ணாச்சி மறுபடியும் பின்சீட்ல படுத்துருவார்.

அவரோட கணக்கையும் யோசிச்சுப் பாருங்க. சீசன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழையில கொஞ்சம். மார்ச்ல பாறை மட்டும்தான் இருக்கும், சவாரி இருக்காது. ஆனா கோபுரமும் சித்திர சபையும் மார்ச்லயும் அங்கேயேதான் இருக்கு. தண்ணி இல்லாத குற்றாலத்துக்கு ஒரு தடவை போய், ஸ்டாண்டுல "அருவி வேண்டாம்ணே, ஊரைச் சுத்திக் காட்டுங்க, கதைக்கும் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்க. ஸ்பீக்கரை ஹாஸ்டல்லயே வச்சிட்டுப் போங்க.