பழைய எதிர்ப்பை அளக்காமல் புதிய தடுப்பூசியா?

2007 செப்டம்பரில் மெர்க் நிறுவனத்தின் எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனை பாதியில் நின்றது. 'ஸ்டெப்' எனப்பட்ட அதில் 3,000 தன்னார்வலர்கள் பங்கேற்றிருந்தனர். எச்.ஐ.வி. புகுந்த செல்களைத் தேடி அழிக்கும் டி செல்களை உருவாக்குவதுதான் திட்டம். கிருமியின் மரபணுக்களைச் சுமந்துசெல்ல, சளிக்காய்ச்சல் தரும் அடினோ வைரஸ்-5 பயன்பட்டது. அந்த வைரஸை முன்பே எதிர்கொண்டிருந்த உடல்கள், சுமந்து வந்ததையே அடையாளம் கண்டு விரட்டின; எச்.ஐ.வி.க்கு எதிரான டி செல்கள் அவர்களிடம் குறைவாகவே உருவாயின. அதைவிடக் கொடுமை, அந்தப் பழைய எதிர்ப்பு இருந்த, விருத்தசேதனம் செய்யாத ஆண்களில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கே எச்.ஐ.வி. அதிகம் தொற்றியது.

இந்தப் பாடத்தைத் தென்னாப்பிரிக்கா மறக்கவில்லை. ரஷ்யாவின் கோவிட் தடுப்பூசியான ஸ்புட்னிக் வி-யின் இரண்டாம் தவணையில் இருந்ததும் அடினோ வைரஸ்-5தான். ஸ்டெப் பரிசோதனையின் முடிவைச் சுட்டிக்காட்டி, 2021 அக்டோபரில் அந்நாடு அனுமதி மறுத்தது. இந்தியாவோ அதே ஆண்டு ஏப்ரலிலேயே அனுமதித்திருந்தது.

கோவிஷீல்டில் சிம்பன்சியின் அடினோ வைரஸைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம், மனிதர்களிடம் அதற்கு முன்னெதிர்ப்பு அரிது என்பதே. இந்தியாவில் நூறு கோடித் தவணைகளுக்கு மேல் செலுத்தப்பட்ட பின் அந்தச் சாதகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? இது ஏட்டளவிலான கேள்வி அல்ல. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அதே வைரஸில் ஏற்றிய நிபா தடுப்பூசியை 2024 ஜனவரியில் மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது. 2018 முதல் கேரளத்தை மீண்டும் மீண்டும் தாக்கும் நோய் அது. நமக்கு அவசியமான தடுப்பூசி, கோவிஷீல்டு போட்டுக்கொண்ட நம் உடலில் முழுப் பலன் தருமா என்பதை முன்கூட்டியே அறிந்தாக வேண்டும்.

முன்னெதிர்ப்பு எப்போதும் கெடுதல் அல்ல. சாதாரணச் சளி தரும் கொரோனா வைரஸ்களால் உருவான டி செல்கள், கோவிட் தடுப்பூசிக்கான எதிர்வினையை வலுவாக்கியதும் உண்டு. ஆகவே ஊகம் உதவாது. அளந்துதான் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஆன்டிபாடியை மட்டும் எண்ணிவிட்டுத் திருப்தி அடைவது ஆபத்து; டி செல்களையும் அளக்க வேண்டும். டி செல் பரிசோதனைக்குச் செலவும் உழைப்பும் கூடுதல்தான். அதைக் காரணமாக்கித் தவிர்க்கக் கூடாது.

இந்தியாவில் பரிசோதிக்கப்படும் எந்தப் புதிய தடுப்பூசியானாலும், முதல் ஊசிக்கு முன்பே பங்கேற்பாளரின் பழைய எதிர்ப்பை அளக்க வேண்டும். அது இருந்தவர்கள், இல்லாதவர்கள் எனப் பிரித்து டி செல் முடிவுகளை மக்கள் முன் வைக்க வேண்டும். இதை அனுமதிக்கான நிபந்தனையாகவே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவிக்கட்டும், அடுத்த பெருந்தொற்றின் அவசரம் வருவதற்கு முன்பே.