பெயர்ப்பலகையில் சுவாமிகள், வாசலில் நான்கு விடைகள்

கடந்த கோடையில் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் விடிய விடியக் கர்ண மோட்சம் கூத்து பார்த்தேன். கர்ணனாக ஆடிய இளைஞனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். திரைக்குப் பின்னாலிருந்து அவன் விருத்தம் எடுத்ததுமே, பாயில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கிறுக்கி சுற்றி அவன் நின்ற இடத்தில் சலங்கையும் மிருதங்கமும் ஒன்றாக நின்றன. விடிந்த பிறகு, பாதி கலைந்த அரிதாரத்தோடு டீ குடித்துக்கொண்டே சொன்னான்: “நாடகம் எம்.ஏ. படிக்கலாம்னு நுழைவுத் தேர்வு எழுதினேன் சார். கேள்வி எல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. கிடைக்கல.”

இந்த ஆண்டும் சேர்க்கைக்காலம் வந்துவிட்டது. இந்த ஆண்டும் அதே தேர்வு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரி உட்படப் பல மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைச் சேர்க்கை, 2022 முதல் நடக்கும் பொது நுழைவுத் தேர்வின் வழியாகத்தான். வேதியியலுக்கும் வணிகவியலுக்கும் எப்படியோ, நாடகத்துக்கும் அப்படியே. கணினித் திரையில் 75 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 குறையும். மொழிப்பாடங்கள் நீங்கலாக, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். சில இடங்களில் இதற்குப் பிறகு செயல்முறைத் தேர்வும் உண்டு. ஆனால் முதல் சல்லடையில் உதிர்ந்துபோனவன் அந்த மேடை வரைக்கும் வருவதே இல்லை. நாட்டிய சாஸ்திரத்தில் எத்தனை ரசம் என்று குறித்தவன் உள்ளே போகிறான். ஒன்பது ரசத்தையும் ஒரே இரவில் முகத்தில் கொண்டுவந்தவன் வெளியே டீக்கடையில் நிற்கிறான்.

புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளி யார் பெயரைத் தாங்கி நிற்கிறது? சங்கரதாஸ் சுவாமிகள் பெயரை. 1867-இல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிய வேலையை விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தார். எமனாகவும் இரணியனாகவும் மேடையை நடுங்கவைத்தார். பிறகு வாத்தியாராகி, அறுபதுக்கு மேல் என்று சொல்லப்படும் நாடகங்களை எழுதினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தபோது அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு ஆறு வயது. சுவாமிகள் அந்தப் பிள்ளையிடம் கேட்டது குரலை; பார்த்தது முகத்தை, தாளத்தை, சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தை. பக்கவாதம் வந்து நாவும் கையும் ஓய்ந்த பிறகும் கம்பெனியை விட்டு அகலாமல், 1922-இல் புதுச்சேரியிலேயே கண்மூடினார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது.

அந்தச் சமாதி இருக்கும் ஊரில், அவர் பெயர் எழுதிய வாசலில், இன்று அவரே வந்து நின்றால் மாணவராகவும் சேர முடியாது, நிரந்தர ஆசிரியராகவும் அமர முடியாது. பட்டம் எங்கே என்பார்கள்; ஆங்கிலத் தாளின் மதிப்பெண் எங்கே என்பார்கள். வாத்தியாரின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, வாத்தியார் ஆள் எடுத்த முறையைக் குப்பையில் போட்டிருக்கிறோம்.

டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி 1959-இல் தொடங்கியது. அங்கே நுழைய ஒரு பட்டம் வேண்டும். குறைந்தது 6 நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் வேண்டும். முதலில் நடித்துக் காட்டவேண்டும். அதில் தேறியவர்களை டெல்லிக்கு அழைத்து, சில நாள் பயிலரங்கு நடத்தி, உடம்பையும் குரலையும் சேர்ந்து வேலை செய்யும் குணத்தையும் பார்த்துத்தான் 32 பேரை எடுக்கிறார்கள். இந்தியும் ஆங்கிலமும் தெரிந்திருக்கவேண்டும் என்ற விதி தமிழ்ப் பிள்ளைகளுக்கு அநியாயம். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நடிக்க வருபவனை நடிக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்ற அடிப்படை அறிவு அங்கே இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு 2005-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே அந்தத் தகுதி வேண்டாம் என்று அந்தப் பள்ளியே கேட்டு விலகிக்கொண்டது. பல்கலைக்கழகம் என்னும் சட்டைக்குள் நாடகத்துக்கு மூச்சு முட்டும் என்று டெல்லிக்காரர்களுக்குப் புரிந்தது. நமக்கு ஏன் புரியவில்லை?

பல்கலைக்கழகத்துக்குள் நாடகம் செழிக்கவே முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். செழித்திருக்கிறது. நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு, அலுக்காமல் மறுபடியும் சொல்கிறேன். 1960-களில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்ன செய்தார்? மட்டக்களப்பில் விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டுவந்த கூத்தை வளாகத்துக்குள் கொண்டுவந்தார். அதை மாணவர்களுக்குப் பழக்கக் கூத்து ஆசான்களான அண்ணாவிமாரையே அழைத்துவந்தார். பேராசிரியரின் மாணவர்கள் அண்ணாவியாரின் முன்னால் நின்று தாளக்கட்டு சொல்லி ஆடினார்கள். இரவு முழுவதும் ஓடும் கூத்து, ஒரு மாலைப்பொழுதில் அடங்கும் மேடை நாடகமாகச் செறிந்தது. கர்ணன் போர், இராவணேசன், வாலி வதை என்று வரிசையாக வந்தன. மன்னார் கத்தோலிக்கக் கூத்து ஏடுகளையும் அவரே பதிப்பித்தார். அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி, மட்டக்களப்பின் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையை வளர்த்தார். வித்தியானந்தனே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

இன்று இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ உயர்தர வகுப்புப் பாடம். எழுத்துத் தேர்வோடு செயல்முறைத் தேர்வும் உண்டு. பாடம் இருப்பதால் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் வேண்டியிருப்பதால் பல்கலைக்கழகத் துறைக்கு மாணவர் வருகிறார். படித்து முடித்தவர் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பிப் பிள்ளைகளை மேடையேற்றுகிறார். போரும் இடப்பெயர்வும் சிதைத்த மண்ணில் இந்தச் சங்கிலி அறுந்துபோகவில்லை. முத்தமிழ் என்று மேடைக்கு மேடை முழங்கும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மூன்றாம் தமிழுக்கு ஒரு பாடவேளை கிடையாது. இலங்கையின் அந்தச் சங்கிலி, பேராதனையில் ஓர் அண்ணாவியாருக்குக் கதவைத் திறந்துவிட்டதன் பலன். நம் நிலை, கதவைச் சாத்தியதன் பலன்.

இங்கேயும் கதவு திறந்திருந்த காலம் உண்டு. புதுச்சேரி நாடகப் பள்ளிக்கு முதல் இயக்குநராக நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி வந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே நிறுத்திய எழுத்தாளர் கி. ராஜநாராயணனை அதே பல்கலைக்கழகம் அழைத்து, வருகைதரு பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது. அதனால் பல்கலைக்கழகத்தின் தரம் குறைந்ததா? அந்தப் பல்கலைக்கழகம் செய்த காரியங்களில் தமிழ் வாசகர்கள் இன்றும் மறக்காதது அதுதான். கூத்துப்பட்டறை நாடகக்குழுவின் நடிகர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்த தெருக்கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரான் எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்?

இன்றைய ஆசிரியர் நியமன விதிகளைப் பாருங்கள். முதுகலையில் 55 விழுக்காடு, அதற்கு மேல் தேசியத் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் மரபுக் கலைஞர்களுக்கென்று ஒரு சிறு வழியைத் திறந்துவிட்டிருக்கின்றன. அங்கேயும் பட்டம் கேட்கிறார்கள். 2022-இல் துறைசார் அனுபவம் உள்ளவர்களைப் பட்டம் இல்லாமலேயே பேராசிரியராக்கலாம் என்று வழிகாட்டுதல் வந்தது. அதுவும் அதிகபட்சம் 4 ஆண்டுகளுக்குத்தான். மொத்தப் பணியிடங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. ஐம்பது வருடம் கால் தேய ஆடிய கூத்து வாத்தியார் இவர்கள் கணக்கில் தற்காலிகம். கூத்தைப் பற்றி முந்நூறு பக்கம் ஆய்வேடு எழுதியவர் நிரந்தரம். வாத்தியார் ஒரு வாரப் பயிலரங்குக்கு வந்து, சால்வையும் பயணப்படியும் வாங்கிக்கொண்டு, இரவுப் பேருந்தில் ஊர் திரும்புகிறார்.

இதற்கு இரண்டு சமாதானங்கள் சொல்கிறார்கள். முதலாவது, பொதுத் தேர்வு நேர்மையானது, சிபாரிசுக்கு இடம் இல்லை என்பது. நீச்சல் தெரிந்தவனைத் தேர்ந்தெடுக்க ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வது எந்த ஊர் நேர்மை? தாய்மொழியில் நடிக்கப்போகிற பிள்ளையை வேற்றுமொழியில் சோதிப்பது எந்த வகை நியாயம்? சிபாரிசுக்கு அஞ்சினால் நடுவர்களை வெளியிலிருந்து அழையுங்கள், தேர்வைப் பதிவு செய்யுங்கள். சோம்பலுக்கு நேர்மை என்று பெயர் சூட்டாதீர்கள்.

இரண்டாவது, நாடகம் படித்தால் வேலை கிடைக்குமா என்பது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் பள்ளியில் நாடகப் பாடம் வராமல் பார்த்துக்கொள்கிறவர்கள். வேலையை அடைத்துவிட்டு வேலை எங்கே என்று கேட்கிறார்கள். இவர்களுக்கு இதற்கு மேல் பதில் சொல்லத் தேவையில்லை.

செய்யவேண்டியது கடினமானதல்ல. நாடகத் துறைகளைப் பொதுத் தேர்விலிருந்து விலக்கவேண்டும். மூன்று நாள் பயிலரங்கில், மாணவர் விரும்பும் மொழியில், குரலையும் உடம்பையும் கற்பனையையும் பார்த்துச் சேர்க்கவேண்டும். தமிழ் மண்ணில் இயங்கும் ஒவ்வொரு நாடகத் துறையிலும் கூத்து வாத்தியார் ஒருவருக்கும் இசை நாடகக் கலைஞர் ஒருவருக்கும் பட்டம் கேட்காத நிரந்தரப் பணியிடம் வேண்டும். மேல்நிலை வகுப்புகளில் நாடகத்தைத் தேர்வுப் பாடமாக்கவேண்டும். முதல் மூன்றும் டெல்லியின் கையில் இருக்கின்றன. கடைசியானது சென்னையின் கையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தட்டிக்கழித்தால் இன்னும் பத்தாண்டில் நம் நாடகத் துறைகளில் நாடகத்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். முத்தமிழ் இரண்டு தமிழாகிவிடும்.

அந்தச் செய்யாற்றுப் பையனிடம் அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், போகப்போகிறானாம். “பங்குனியில லீவு குடுத்தா கர்ணன் கட்ட வந்துடுவேன் சார்” என்றான். நாடகம் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லும் எந்தப் பள்ளிக்கும் அவன் அடவு ஒன்றைக்கூடப் பார்க்க நேரம் இருக்கவில்லை.