கோடி ஆண்டுக்குக் கார்பன் சோதனையா?



நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி. அரியலூர்ப் பாறைகள் பல கோடி ஆண்டுப் பழமையானவை என்று "கார்பன் சோதனையில்" தெரிந்ததாம். எல்லோரும் கைகூப்பினார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

பாறை பழமையானதுதான். ஆனால் கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் அளக்க மிச்சமிருக்காது. நகைக்கடைத் தராசில் லாரியை ஏற்றலாமா?

அரியலூர் ஒரு காலத்தில் கடல். அங்குள்ள கடற்படிவுகளை நுண்ணோக்கியில் பார்த்தால், கடலில் மிதந்து வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகள் தெரியும். அவற்றில் குளோபோட்ரங்கானா என்ற வகை 6.6 கோடி ஆண்டுக்கு முன், டைனோசர்கள் அழிந்தபோதே அழிந்தது. அது வாழ்ந்து படிந்த அடுக்கு அதற்கும் முந்தியது. (பழைய ஓடு அரித்து வந்து புது அடுக்கில் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.) ஆறு, ஏரிப் படிவுகளில் மகரந்தம் கைகொடுக்கும், அதன் மேலுறை பாறையைக் கரைக்கும் அமிலத்துக்கும் அசையாது. ஆண்டுக் கணக்கு, எரிமலைச் சாம்பலில் உள்ள கதிரியக்கத் தனிமங்களிலிருந்து வருகிறது.

"எல்லாம் உத்தேசம்தானே சார்" என்னும் தம்பிகளே, எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் எந்த அடுக்கில் இருக்கிறோம் என்பதை இந்த ஓடுகளையும் மகரந்தத்தையும் வைத்துத்தான் பார்க்கிறார்கள். வெறும் உத்தேசத்தை நம்பியா அவ்வளவு பணத்தைக் கொட்டுவார்கள்?

இன்னொன்று. "புதைபடிவங்களின் வயதைக் கார்பனால் அறியலாம்" என்று எட்டாம் வகுப்பில் நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள்.