அரிவாள் உன்னோடது, கயிறு யாரோடது?

மருங்காபுரி பக்கம் மரவேலைக்கு ஆள் கூப்பிடுகிற மேஸ்திரி போனில் சொல்வது மொத்தமே ஒரு வரிதான். "காலைல ஆறு மணிக்கு வந்துரு, சாமானோட வந்துரு." அந்தச் 'சாமான்' எது எது என்று அவரும் சொல்வதில்லை, வருகிறவரும் கேட்பதில்லை. வருகிறவர் ஒரு அரிவாள், தலைக்கு ஒரு துண்டு, சோற்றுக்கு ஒரு தூக்குவாளி, இவ்வளவோடு வந்து நிற்கிறார். வேலை நடக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால், "அவன் சாமான் சரியா கொண்டாரல" என்று விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். பேசவே படாத பட்டியலில் எதுவோ குறைந்ததாம், அதற்குத் தண்டனை மட்டும் ஒருத்தருக்காம். நல்ல நியாயம்!

இங்கே பேச்சு மரம் ஏறுகிறவரைப் பற்றியோ மிஷின் பிடிக்கிறவரைப் பற்றியோ அல்ல. அவர்களுக்காவது ஒரு பேரும் கூடுதல் கூலியும் இருக்கிறது. கீழே நின்று கயிறு பிடித்து, விழுந்த கிளையை இழுத்து, துண்டு போட்டு, வண்டியில் ஏற்றுகிறாரே ஒரு கையாள், அவரைப் பற்றி. மேலே இருந்து எது விழுந்தாலும் அது வந்து சேரும் இடத்தில் நிற்பவர் அவர்தான். (மேலே இருப்பவருக்கு விழும் பயம் மட்டும். இவருக்கு மேலே இருப்பது எல்லாமே விழும் பயம்.)

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று தென்னையைச் சாய்த்துக்கொண்டே மேற்கே வந்தது. திருச்சி மாவட்டத்தில் மருங்காபுரி, மணப்பாறை பக்கமும் அடி விழுந்தது. அதற்குப் பிறகு அரசு போட்ட கணக்கைக் காமர்ஸ் படிக்கிற மக்கள் ஒருதரம் உற்றுப் பார்க்க வேண்டும். சாய்ந்த தென்னை ஒன்றுக்கு இழப்பீடு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து மொத்தம் 1,92,500 ரூபாய். இதில் 87,500 ரூபாய் வெட்டி எடுக்கும் செலவு மட்டும். அரசாங்கமே ஒப்புக்கொண்ட செலவு. அந்த 500 ரூபாய்க்குள் மிஷின் வாடகை இருக்கும், பெட்ரோல் இருக்கும், கூலி இருக்கும், டிராக்டர் இருக்கும். கையாள் தலைக்கு ஒரு ஹெல்மெட் இருந்திருக்குமா? கேட்டால் சிரிப்பார்கள்.

புயலில் சாய்ந்த மரத்தை வெட்டுவது நிற்கிற மரத்தை வெட்டுவது போல இல்லை. வேரோடு பெயர்ந்து படுத்திருக்கும் மரத்தில், வேர்ப்பக்கத்து மண்கட்டி அடிமரத்தின் எடையால்தான் சாய்ந்து நிற்கிறது. அடிமரத்தை அறுத்துப் பிரித்த நொடியில் அந்த வேர்க்கட்டி படக்கென்று நிமிர்ந்து பழைய குழியிலேயே போய் உட்காரலாம். வெயிலுக்கு ஒதுங்கி அந்தக் குழியில் ஒரு ஆள் நின்றிருந்தால்? வளைந்து கிடக்கும் மரத்தில் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். தப்பான பக்கம் வாள் வைத்தால் ஒன்று வாள் கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் மரம் பிளந்து அடிக்கும். ஒயர் மேல் சாய்ந்த மரம் இன்னொரு தனி எமன். மின்வாரியம் லைனை நிறுத்தியிருந்தாலும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சரியாக இணைக்கப்படாமல் இருந்தால் அதே ஒயரில் கரண்ட் திரும்பி வரும். இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்? 'பழகின கை' என்பார்கள். பழகின கைதான், ஆனால் கஜா மாதிரி ஒரு காற்று வருஷா வருஷம் வந்தா பழக்கிவிட்டது?

சரி, கையாள் என்னதான் கொண்டுவர வேண்டும்? அவருக்கும் பொறுப்பு உண்டு, இல்லையென்று யாரும் சொல்லவில்லை. தன் உடம்பில் மாட்டுவது தன்னுடையதாக இருப்பதே நல்லது. அடுத்தவன் வேர்வை ஊறிய ஹெல்மெட் அளவுக்கும் பொருந்தாது, அது எத்தனை அடி வாங்கியது என்றும் தெரியாது. ஆகவே நாடிப்பட்டையோடு ஒரு தொழிற்சாலை ஹெல்மெட் (ஐ.எஸ். 2925 என்று முத்திரை இருக்கும், பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது, காது கேட்காது), கண்ணாடி, கையுறை, விரலைக் காக்கும் பூட்ஸ், காலோடு ஒட்டிய பேன்ட். கைலி கட்டிக்கொண்டு மிஷின் பக்கம் வருவது வீரம் இல்லை. ஒரு விசிலும் வேண்டும், மிஷின் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. இதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். பாரம் இறக்கும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ ஒருக்காலும் சுற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்து மரத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்தால் பாரத்தில் பெரும்பகுதியை அந்த மரமே வாங்கிக்கொள்ளும்.

ஆனால் கயிறு? கப்பி? ஆப்பு? மிஷின்? காயத்துக்குக் கட்டுப்போடும் பெட்டி? இதெல்லாம் வேலையை எடுத்தவர் கொண்டுவர வேண்டியது. இதில் பேரமே கிடையாது. மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார். அரை டன் கிளையை ஒரு ஆள் தலைக்கு மேலே தொங்கவிடுகிற கயிறு வாங்கி எத்தனை வருஷமாச்சு என்று யாராவது பார்க்கிறார்களா? ஒரு முடிச்சுப் போட்டாலே கயிற்றின் பலம் கணிசமாகக் குறையும். வெயிலில் கிடந்த நைலான் கயிறு பார்க்கப் பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே செத்திருக்கும். பிரிட்டனில் ஆளைத் தாங்கும் கயிறு, பெல்ட் எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று 1998லேயே விதி போட்டார்கள். இங்கே அறுந்தால்தான் சோதனை.

"கூலிக்கு வருகிறவன், அவனவன் பார்த்துக்கணும்" என்பவர்களுக்குச் சட்டமும் துணை நிற்கவில்லை. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே மரம் வெட்டும் வேலை இருந்தது. அப்போதைய ஓட்டை, முதலாளியின் தொழிலுக்கு அல்லாமல் அவ்வப்போது அழைக்கப்படும் ஆளுக்கு அது பொருந்தாது என்ற விலக்கு. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கையும் தூக்கியது. கஜா வந்தபோது நடப்பில் இருந்தது இந்தச் சட்டம்தான். 2025 நவம்பரில்தான் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது. இன்னொன்று: 1956இல் தாரங்கத்ரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கு. நேரக்கணக்கு இல்லாமல், எடைக்குக் கூலி வாங்கி, தேவைப்பட்டால் தாங்களே ஆள் சேர்த்துக்கொண்ட உப்பளத்துக்காரர்களையும் உச்ச நீதிமன்றம் தொழிலாளர்கள் என்றுதான் சொன்னது. சொந்த அரிவாளோடு வந்துவிட்டதாலேயே ஒருவர் கான்ட்ராக்டர் ஆகிவிட மாட்டார்.

"கட்டுப்படியாகாது" என்பது அடுத்த பல்லவி. ஒரு பேச்சுக்கு ஹெல்மெட் 300, கண்ணாடி 150, கையுறை 150, பூட்ஸ் 1,200 என்று வைப்போம். மொத்தம் 1,800 ரூபாய். வருஷத்துக்கு 150 நாள் வேலை, ஒரே வருஷத்தில் எல்லாம் தேய்ந்து போகிறது என்றே ஸ்ட்ரெய்ட் லைன் மெத்தடில் போட்டாலும் நாளைக்கு 12 ரூபாய். ஒரு டீக்காசு! மிஷினுக்கு ஆயிலும் செயினும் மாற்ற மேஸ்திரி கணக்குப் பார்ப்பதில்லை, ஏனென்றால் மிஷின் நின்றால் வேலை நின்றுவிடும். கையாள் நின்றுவிட்டால் அடுத்த ஊரில் இன்னொரு போன் நம்பர் இருக்கிறது.

ஆகவே ஆறு மணிக்குக் கிளம்பும் முன்னால், முதல் நாள் ராத்திரி வருகிற அந்தப் போனிலேயே கேட்டுவிட வேண்டும். என்ன மரம், நிற்கிறதா சாய்ந்ததா, பக்கத்தில் லைன் போகிறதா, கயிறு யாருடையது, எப்போது வாங்கியது, 108ஐக் கூப்பிட்டால் வண்டி தோப்புக்குள் வர வழி இருக்கிறதா, ரத்தம் கொட்டினால் அமுக்கிக் கட்ட அங்கே என்ன இருக்கும். திருச்சி பெரியாஸ்பத்திரி ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறது. ஹெல்மெட்டும் பூட்ஸும் சொந்தமாகக் கொண்டுவருகிற கையாளுக்குக் கூலியில் அந்த 12 ரூபாய் கூட வேண்டும் என்பதையும் அதே போனில் பேசிவிடலாம். மறுநாள் சாயங்காலம் காசு எண்ணும்போது கேட்டால் மேஸ்திரிக்குக் காது கேட்காது.