மணித்தியாலத்தை மட்டும் எண்ணிப் பயனில்லை

பாடசாலைகளில் பெற்றோர் கூட்டம் என்றால் இப்போது முதல் முறைப்பாடு கைத்தொலைபேசிதான். "ராவெல்லாம் ஃப்ரீ ஃபயர்தான் சேர். ஃபோனப் பறிச்சா சாப்பிடுறானுமில்ல" என்கிறார்கள் உம்மாமார். பறிப்பதும் இலகுவல்ல. 2020, 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஃபோன் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டதே ஆசிரியர்களாகிய நாங்கள்தான். இன்றும் வீட்டுவேலை வட்ஸ்அப்பில்தான் போகிறது. கட்டாரில் இருக்கும் வாப்பாவின் முகத்தைப் பிள்ளை பார்ப்பதும் அதே திரையில்தான்.

"எத்தனை மணித்தியாலம் விடலாம்?" என்பதே எல்லோருடைய கேள்வியும். சீனா 2021இல் இதற்குச் சட்டமே போட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஒன்லைன் விளையாட்டு விளையாடலாம். பெரியவர்களின் கணக்கில் நுழைந்து விளையாடும் பிள்ளைகள் அங்கும் இருக்கிறார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்படுத்தலில் 'கேமிங் கோளாறு' இடம்பெற்றுள்ளது. அதில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. கட்டுப்பாட்டை இழத்தல், மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டை முன்னிறுத்தல், பாதிப்பு வந்த பிறகும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்களாவது நீடிக்கிறதா என்றுதான் வைத்தியர்கள் பார்க்கிறார்கள். ஆகவே லீவு நாளில் மூன்று மணித்தியாலம் விளையாடிய பிள்ளையை நோயாளி என்று சொல்ல முடியாது.

விளையாட்டின் அமைப்பைப் பெற்றோர் ஒருமுறையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஃப்ரீ ஃபயரில் ஒரு தீவில் 50 பேர் இறங்குவார்கள், ஏறக்குறைய 10 நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நாலைந்து ஆட்டம் போகும். நால்வர் குழுவாக ஆடும்போது உம்மா சாப்பிடக் கூப்பிட்டால், எழும்புகிறவன் மற்ற மூவரையும் நடுவழியில் விட்டுப் போகிறான். நமக்கு அது அடங்காமை. அவனுக்கோ கூட்டாளிமாரிடம் மானப் பிரச்சினை. "இந்த மெட்ச் முடிஞ்சதும் ஃபோன் என் கையில" என்று முன்கூட்டியே பேசிக்கொண்ட வீடுகளில் சண்டை குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். சீசன் முடிந்ததும் ரேங்க் இறங்கிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையைத் திரும்ப வரவைக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இனி நம் பக்கம். இரண்டு மணிக்குப் பாடசாலையால் வரும் பிள்ளைக்கு மூன்று மணிக்கு டியூசன், பிறகு குர்ஆன் மத்ரஸா. சனி, ஞாயிறும் டியூசன்தான். கூட்டாளிமாரைச் சந்திக்க அவனுக்கு மிஞ்சுவது இரவும் அந்தத் தீவும் மட்டுமே. பத்தாம் தர மாணவன் ஒருவனிடம் ஏன் மைதானத்துக்குப் போவதில்லை என்று கேட்டேன். "அங்க ஆர் சேர் இருக்காங்க?" என்றான். அது சாட்டுப்போக்கு அல்ல.

பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை, வீட்டுக்குள் சத்தமில்லாமல் இருக்கிறார்களே! வயதுக்கு வந்ததும் மைதானம் மட்டுமல்ல, பல ஊர்களில் நூலகத்துக்குப் போகும் வழியும் அவர்களுக்கு அடைபட்டுவிடுகிறது. அவர்களும் ஃபோனுக்குள்தான் கூட்டாளிகளைத் தேடுகிறார்கள்.

ஊருக்கு ஊர் பள்ளிவாசல் நிர்வாகமும் விளையாட்டுக் கழகமும் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை டியூசன் வகுப்புகள் நடத்தக்கூடாது என்று ஓர் ஊர் முடிவெடுத்தால் நிறுவனங்கள் எதிர்க்கும், பெற்றோரும் பரீட்சையை நினைத்துப் பயப்படுவார்கள். அந்த எதிர்ப்பைச் சமாளிக்க எந்த நிர்வாகம் முன்வரும்? அந்த இரண்டு மாலையில் ஒன்றைப் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை மைதானத்தைத் திறந்துவிட எந்த அதிபர் முன்வருவார்?