ஊரோம் என்னும் ஒரு சொல்

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளைப் படிப்போர் கண்ணில் அடிக்கடி படும் சிறு சொல் ஒன்று உண்டு. 'ஊரோம்' என்பதே அச்சொல். ஓர் ஊர் தன் நிலத்தை விற்றாலும், கோயிலில் விளக்கெரிக்கப் பொன் பெற்றுக்கொண்டாலும், ஏரிக்கு மடை அமைக்க ஒப்பினாலும், அச்செய்தியை அவ்வூர் பிறர் வாயால் சொல்லவிடுவதில்லை. 'இன்ன ஊர் ஊரோம்' என்று தன்மைப் பன்மையில் தானே பேசும். வணிகர் வாழ்ந்த ஊர் 'நகரத்தோம்' என்றது. பல ஊர்கள் சேர்ந்த நிலப்பகுதி 'நாட்டோம்' என்றது. 'ஓம்' என்னும் ஈற்றுக்குள் ஊராட்சி முழுவதும் அடங்கிக் கிடந்தது. முடிவு செய்வோரும் அவரே. முடிவுக்குப் பொறுப்பேற்போரும் அவரே.

இன்றைய சிற்றூர்களிலும் பேரூர்களிலும் மக்கள் பேசும் பேச்சைக் கேளுங்கள். தெருவிளக்கு எரியவில்லையெனில், 'அவர்கள் போடவில்லை' என்பர். குப்பை குவிந்து கிடப்பின், 'அவர்கள் அள்ளவில்லை' என்பர். ஏரிக்கரை உடையின், 'அவர்கள் கவனிக்கவில்லை' என்பர். தன்மை படர்க்கையாயிற்று, ஊரோம் 'அவர்கள்' ஆயினர். இஃது இலக்கண மாற்றம் மட்டுமன்று. தம் ஊர் தம்முடையதன்று என்று ஓர் இனம் தன்னை அறியாமலே எழுதிக் கொடுத்த விடுதலை ஓலை இது.

உள்ளாட்சி பற்றிப் பேசும் எவரும் உத்திரமேரூரைச் சொல்லாமல் விடுவதில்லை. காஞ்சிபுர மாவட்டத்தில் இன்று ஒரு பேரூராட்சியாக விளங்கும் அவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, கள்ளமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வாறு எடுக்கப்பட்டோர் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றில் முந்நூற்றறுபது நாள் பணியாற்றினர். முப்பத்தைந்து அகவைக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தம் மனையில் வீடு கட்டி வாழ்தல் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர்க்கு இடமில்லை. எல்லாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாது இருந்தவனும், அவனுக்கு நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குள் நுழைதல் இயலாது. 919-இல் வகுத்த நெறியில் குறை கண்டு, இரண்டே ஆண்டில் 921-இல் அதனைத் திருத்தியும் எழுதினர்.

குடவோலை என்னும் வழக்கம் சோழர் காலத்தில் திடுமென முளைத்ததன்று. கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலையெடுக்கும் காட்சி, கழகக்கால நூலாகிய அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் உவமையாக வருகின்றது. ஓர் உவமை கேட்போர்க்கு விளங்க வேண்டுமாயின், அவ்வழக்கம் அவர் அறிந்ததாய் இருத்தல் வேண்டும். எனவே அதன் வேர் மிகப் பழையது என்பது தெளிவு.

ஆயினும், பெருமை பேசும்போது உண்மையை மறைத்தல் தமிழர்க்கு அழகன்று. உத்திரமேரூர் பார்ப்பனர்க்கு வழங்கப்பட்ட ஊர். அதன் அவையில் அமர்வதற்கு ஆரிய மறையறிவு வேண்டப்பட்டது. உழவரும் கைவினைஞரும் அங்கு இடம்பெற்றிலர், பெண்டிரும் இடம்பெற்றிலர். பார்ப்பனர் ஊரின் அவைக்கே 'சபை' என்று பெயர். வேளாண் மக்கள் வாழ்ந்த ஊர்களின் அவைக்கு 'ஊர்' என்பதே பெயர். வாழும் இடத்துக்கும் வாழ்வோர் கூடும் மன்றத்துக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி இது. இவ்வளவும் அறிந்தபின்னும் இன்றைய ஆட்சி ஏடுகளில் 'கிராம சபை' என்றும் 'பகுதி சபை' என்றும் எழுதப்படுகின்றது. 'ஊர்' என்றும் 'மன்றம்' என்றும் இரு நற்சொற்கள் கையிலிருக்க, சிலரை மட்டுமே உள்ளே விட்ட அவையின் பெயரை எல்லார்க்கும் உரிய அவைக்குச் சூட்டுவது ஏன்?

அதுபோன்றே 'ஊர்' என்னும் சொல்லும் தன் குற்றத்தினின்று நீங்குதல் வேண்டும். ஊர் வேறு, சேரி வேறு என்னும் பிளவு இன்னும் மாய்ந்திலது. 1996 முதல் பத்தாண்டுகள் மதுரை மாவட்டத்துப் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில், தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய தலைவர் பொறுப்புக்கு முறையாகத் தேர்தல் நடத்த இயலவில்லை. 2006-இல்தான் அந்நிலை மாறிற்று. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட அறுவர் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் செய்த குற்றம் தலைவராக நின்று வென்றது ஒன்றே. 'ஊரோம்' என்னும் சொல்லுக்குள் சேரியும் அடங்காத வரையில், அது தமிழ்ச் சொல்லாயினும் தமிழறமாகாது. குலத்தால் ஒருவனைப் புறத்தே நிறுத்திவிட்டுத் தூய தமிழில் பேசுவதால் ஆவது யாது?

வெள்ளையர் ஆட்சி ஊர்களின் உரிமையைப் பறித்துத் தண்டலரிடம் கொடுத்தது. பின்னர் 1882-இல் இரிப்பன் கொண்டுவந்த உள்ளாட்சி ஏற்பாட்டில் அதன் சிறு பகுதியைத் திருப்பித் தந்தது. விடுதலைக்குப் பின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் சிற்றூர்க்கும் பேரூர்க்கும் மன்றங்களை வகுத்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் நடத்தியே ஆகவேண்டும் என்று விதித்தன. நகர்ப்புற மன்றங்களுக்கு ஒப்படைக்கத்தக்கனவாகப் பதினெட்டுப் பொருள்களும், ஊராட்சிகளுக்கு இருபத்தொன்பது பொருள்களும் பட்டியலில் எழுதப்பட்டன.

எழுத்து இவ்வாறிருக்க, நடந்தது யாது? 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் ஆட்சிக் காலம் 2016 அத்தோபரில் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தலைச் சென்னை உயர் முறைமன்றம் நீக்கியது. ஊரகப் பகுதிகளில் இருபத்தேழு மாவட்டங்களுக்கு 2019 திசம்பரிலும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அத்தோபரிலும் தேர்தல் நடந்தது. நகர்ப்புறங்களோ 2022 பெப்பிரவரி வரை ஐந்தாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினரும் இன்றித் தனி அலுவலர் கையில் இருந்தன. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தபோதும் மீண்டும் தனி அலுவலரே அமர்த்தப்பட்டனர். நடுவணரசு மாநில ஆட்சியைக் கலைத்தால் கொதித்தெழும் தமிழர், தம் ஊர்மன்றம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தபோது வாய் திறந்தாரில்லை. தில்லி சென்னையை மதிக்கவில்லை என்பது உண்மை. சென்னை உத்திரமேரூரை மதித்ததா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. தன்னாட்சி கோருவோர் அதனைத் தம் தெருவிலிருந்து கோருதல் வேண்டும்.

மக்கள் விருப்பமற்றவர் என்று கூறுவதும் பொருந்தாது. 2022 பெப்பிரவரி 19 அன்று 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் ஆகியவற்றுக்குத் தேர்தல் நடந்தது. அன்று மாநகராட்சிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 52 பேரே ஒப்போலை இட்டனர். சென்னையில் 44-ஐயும் எட்டவில்லை. பேரூராட்சிகளிலோ நூற்றுக்கு 74-க்கு மேற்பட்டோர் வந்து வரிசையில் நின்றனர். வேட்பாளரை முகமறிந்து, அவர் வீட்டையும் தொழிலையும் அறிந்து ஒப்போலை இடும் ஊர் சிறிய ஊரே. அவ்வகையில் தமிழ்நாட்டின் குடியாட்சி உயிர்ப்பு பெருநகரத்தில் இல்லை, பேரூரில்தான் உள்ளது. ஆனால், அவ்வொரு நாள் உயிர்ப்பு மறுநாளே அடங்கிவிடுகின்றது. பிறகு ஐந்தாண்டுகளுக்கு மன்றம் ஒருபுறம், மக்கள் மறுபுறம்.

இவ்விரண்டுக்கும் இடையில் எழுந்து நிற்கும் சுவர்களுள் மொழிச்சுவரும் ஒன்று. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956 திசம்பர் 27 அன்று இயற்றப்பட்டது. அதன்பின் தமிழறிஞரும் நல்லலுவலரும் உழைத்த உழைப்பால் முனிசிபாலிட்டி நகராட்சி ஆயிற்று. கார்ப்பரேசன் மாநகராட்சி ஆயிற்று. டெண்டர் ஒப்பந்தப்புள்ளி ஆயிற்று. பட்செட்டு வரவுசெலவுத் திட்டம் ஆயிற்று. தனித்தமிழ் ஆட்சிக்கு உதவாது என்று எள்ளி நகையாடியோரும் இன்று 'பேரூராட்சி' என்றே எழுதுகின்றனர். வெற்றி பெயர்ப்பலகையில் கிடைத்தது. பலகைக்கு உள்ளேயோ இன்னும் சேர்மனும் கவுன்சிலரும் வார்டும் பில்லும் பிளானுமே உலவுகின்றன. பொறியாளர் மதிப்பீட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஒப்பந்தக்காரர் ஆங்கிலத்தில் கையொப்பமிடுகிறார். அத்தெருவில் வாழும் நெசவாளியோ, தம் வீட்டு முன்னர்ப் போடப்படும் பாட்டையின் அகலமும் ஆழமும் இவ்வளவு என்று எழுதிய தாளைப் படிக்கவியலாமல் நிற்கிறார். படிக்கவியலாத கணக்கு காட்டப்படாத கணக்கே. கணக்குக் காட்டாதவனைக் குடவோலையிலிருந்து விலக்கிய ஊர்நெறி எங்கே? கணக்கைப் புரியாத மொழியில் காட்டுவதே போதும் என்னும் இன்றைய வழக்கம் எங்கே?

ஆதலின், தமிழ்க் காப்பு என்பது மேடைக்கும் மலருக்கும் மட்டும் உரியதன்று. தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டோர் பலர். தம் மக்கட்கு இனிய தமிழ்ப் பெயர் சூட்டியோர் பலர். திருமண அழைப்பைத் தூய தமிழில் அச்சிட்டோர் பலர். இவை யாவும் வேண்டுவனவே. ஆனால், அவருள் எத்துணைப் பேர் தம் பேரூராட்சியின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைக் கையால் தொட்டுப் பார்த்துள்ளனர்? எத்துணைப் பேர் தம் வட்டத்து உறுப்பினரின் பெயரையேனும் அறிவர்? சொல்லைக் காப்போர் அச்சொல் வழங்கும் இடத்தை விட்டுக்கொடுத்தால், சொல் அகரமுதலியில் வாழும், ஊரில் வாழாது.

உள்ளாட்சியைச் சிறிய பணி என்று இகழ்வோர் வரலாறு அறியாதோர். பிட்டி தியாகராயர் தலைமையேற்ற சென்னை மாநகராட்சி, 1920-ஆம் ஆண்டளவில் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் ஏழைச் சிறுவர்க்கு நண்பகலுணவு வழங்கத் தொடங்கிற்று. அவ்விதையே 1956-இல் காமராசர் ஆட்சியிலும் 1982-இல் ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சியிலும் நாடு தழுவிய மரமாயிற்று. 2022-இல் காலையுணவாகவும் தழைத்தது. ஈரோட்டு நகர்மன்றத் தலைவராக இருந்து குழாய்வழிக் குடிநீர்க்கும் நகர்த் தூய்மைக்கும் உழைத்தவரே பின்னர்ப் பெரியார் ஆனார். நாட்டை மாற்றிய செயல்கள் பல, தெருவில் தொடங்கியவை.

எனவே, ஒவ்வோர் ஊரிலும் உள்ள தமிழன்பர்கள் இனி ஆற்றவேண்டியவை சில உள.

ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறுமுறை ஊரவை கூடும் என்று 2022-இல் நெறி வகுக்கப்பட்டது. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அத்தோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாள்கள். நகர்ப்புறங்களில் பகுதிக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் தொடங்கப்பட்டன. இக்கூட்டங்களுக்குத் தனியாகச் செல்லாமல் தெருவாரைத் திரட்டிச் செல்க. கையொப்பமிட்டுத் திரும்பாமல், முடிவுகள் ஏட்டில் எழுதப்படும் வரை இருந்து, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்க. கூட்டம் கூட்டப்படவில்லையெனில், கூட்டுமாறு எழுத்தில் கேட்க.

2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எவரும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் விடை தருதல் வேண்டும். பாட்டையின் மதிப்பீடு, ஏரித் தூர்வாரலின் செலவு, சந்தைக் குத்தகையின் தொகை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுக. பெற்றதைத் தெளிதமிழில் எழுதிப் படிப்பகத்தின் பலகையில் ஒட்டுக. ஊர்ப் பள்ளியில் மேல்வகுப்பு படிக்கும் மாணவர் நால்வர் போதும், இதனைச் செய்வதற்கு. அவர்க்கு அதனினும் சிறந்த தமிழ்ப் பாடமோ கணக்குப் பாடமோ இல்லை.

உள்ளாட்சிகளில் பெண்டிர்க்குச் சரிபாதி இடம் வழங்க 2016-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் இருக்கையில் கணவர் அமர்ந்து ஆளும் இழிநிலை பல ஊர்களில் காணப்படுகின்றது. அதனை ஊரார் நேரில் கண்டிக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட தலைவர்க்கு நாற்காலி மறுக்கப்படும் இடத்தில் தமிழன்பரே முதலில் எழுந்து நிற்றல் வேண்டும். அவ்விடத்தில் அமர்ந்தே இருப்பவர் எத்துணைத் தூய தமிழ் பேசினும் தமிழராகார்.

மன்றத்தின் ஏடும், வரிச்சீட்டும், மதிப்பீடும், அறிவிப்பும் தமிழிலேயே அமைதல் வேண்டும் என்று உறுப்பினரை வற்புறுத்துக. 'வார்டு' என்று வாய் கூசாமல் சொல்லும் இடத்தில், உத்திரமேரூரார் வழங்கிய 'குடும்பு' என்னும் சொல்லை மீட்டெடுப்பினும் நன்று. 'வட்டம்' என்று வழங்கினும் நன்று. ஆனால், சொல்லை மட்டும் மீட்டுக் கணக்கை மறந்துவிடற்க.

2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரூராட்சி மன்றங்களின் ஐந்தாண்டு எல்லை 2027-இல் முடிவது. அதன்பின் ஒரு நாளும் தனி அலுவலர் ஆட்சிக்கு இடமளியோம் என்று ஒவ்வொரு பேரூரும் உறுதி கொள்ளுதல் வேண்டும். எவரோ வந்து நம் தெருவைச் செப்பனிடுவர் என்று காத்திருப்பது அடிமை மனப்பான்மை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சிலர்க்கு மட்டும் உரியதாயிருந்த குடவோலை இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒப்போலையாக உள்ளது. ஊரும் சேரியும், ஆணும் பெண்ணும், உழவரும் நெசவரும் ஒன்றாய் அமர்ந்து ஒரு முடிவெழுதி, அதன் கீழ் 'ஊரோம்' என்று கையெழுத்திடும் நாளே தமிழ் ஆட்சிமொழியான நாள். அந்நாளை அரசு தாராது. ஊர்தான் தன் கையால் எழுதிக்கொள்ளல் வேண்டும்.