கட்டம் போட்ட துணிக்கு நல்ல பக்கம் எது?



ஜூன் மாதம் வந்தால் எங்கள் புதுப்பட்டினம் கடைத்தெருவில் டெய்லர் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. கல்பாக்கம் டவுன்ஷிப் பிள்ளைகள், சுற்றுப்பட்டு கிராமத்துப் பிள்ளைகள் என்று யூனிஃபார்ம் தைக்க அத்தனை கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று இந்த வருஷம் நான் ஒரு சண்டை போட்டேன். அதில் பாதி என் தப்பு. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மூத்தவள் ஏழாம் வகுப்பு போகிறாள். பள்ளியில் கட்டம் போட்ட பிளீட் ஸ்கர்ட். நீலத்தில் பெரிய கட்டம், அதன் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு, அதை ஒட்டி ஒரு மெரூன் கோடு. தைத்து வாங்கி வீட்டில் போட்டுப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது வெயிலில் பார்க்கிறேன், முன்பக்கம் ஒரு நீலம், பின்பக்கம் வேறு நீலம்! முன்னால் வெள்ளைக் கோட்டுக்கு வலப்பக்கம் மெரூன், பின்னால் இடப்பக்கம் மெரூன். வகுப்பில் யாரோ "ஒட்டுப் போட்ட பாவாடை" என்று சொல்லிவிட, சாயந்திரம் வந்து ஒரே அழுகை. மறுநாள் போக மாட்டேன் என்றாள்.

நான் நேரே டெய்லரிடம் போய், இத்தனை பேர் பார்க்க, "துணியைப் பார்த்து வெட்டத் தெரியாதா அண்ணே?" என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாக, "இந்தத் துணிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதாம்மா, நல்ல பக்கம் கெட்ட பக்கம்னு கிடையாது" என்றார். சாக்கு சொல்கிறார் என்று நினைத்து, காசு கொடுத்தது வயிற்றெரிச்சலாக வீட்டுக்கு வந்தேன்.

என் பெரியம்மா வாழ்க்கைப்பட்டது குடியாத்தத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில். கைலி நெய்கிற வீடு. போனில் புலம்பினேன். "ஏண்டி, உன் வீட்டுக்காரர் கைலியை எந்தப் பக்கம் வெளியே வச்சுக் கட்டுறாருன்னு என்னிக்காவது பார்த்திருக்கியா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார்! நூலைச் சாயம் போட்டு அப்புறம் நெய்த கட்டத்துக்கு இரண்டு முகமும் ஒன்றுதான். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்ததே நம் நெசவுத் துணிக்காகத்தான். மெட்ராஸ் கட்டத்தை 1960களில் அமெரிக்காவில் சட்டையாகத் தைத்து, சாயம் போகும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்களாம். நம் வீட்டில் சாயம் போனால் கடைக்காரரோடு சண்டை!

அப்படியானால் என் பெண்ணின் ஸ்கர்ட் மட்டும் ஏன் இரண்டு நிறம்? அதற்கும் பெரியம்மாதான் பதில் சொன்னார். கைலி, சாதா நெசவு. நூல் ஒன்று மேலே, ஒன்று கீழே. யூனிஃபார்ம் துணி அப்படியில்லை. வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் பொடிப் பொடியாகச் சாய்ந்த வரிகள் ஓடும், ஜீன்ஸ் துணியில் தெரிகிற மாதிரி. ஒரு பக்கம் அந்த வரி இடது கீழிருந்து வலது மேலே ஏறினால், துணியைப் புரட்டினால் வலது கீழிருந்து இடது மேலே ஏறும். நிறம் ஒன்றுதான், ஆனால் வெளிச்சம் படுகிற விதம் மாறுவதால் வெயிலில் வேறு நிறமாகத் தெரிகிறது. என் ஸ்கர்ட்டில் முன்துண்டு ஒரு முகம், பின்துண்டு மறு முகம். ஆக, டெய்லர் சொன்னதும் சரி, நான் கோபப்பட்டதும் சரி. இரண்டு பக்கமுமே நல்ல பக்கம்தான். ஆனால் ஒரு உடுப்புக்கு ஒரே பக்கம்தான்.

மூத்தவள் போனில் தேடி ஸ்காட்லாந்துக்காரர்களின் கில்ட்டைக் காட்டினாள். ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை. சரியான கில்ட் ஒன்றுக்கு 8 கஜம் பிடிக்குமாம். நம் மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைச்சல்! அந்தத் துணியும் இரண்டு நூல் மேலே, இரண்டு நூல் கீழே என்று சாய்வரி ஓடும் நெசவு. அதிலும் இரு முகமும் ஒன்று. அகலத் துணியில் 4 கஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இரண்டு துண்டையும் இணைத்து 8 கஜம் ஆக்குவார்கள். நெசவுக்கரை கீழே வரவேண்டும் என்பதால் இரண்டாவது துண்டைத் தலைகீழாகத் திருப்பவேண்டும். அங்கேதான் சூட்சுமம். தலைகீழாகத் திருப்பினால் சாய்வரி மாறாது. முகத்தைப் புரட்டினால் மாறிவிடும். ஒரு கர்ச்சீப்பில் பேனாவால் சாய்கோடு போட்டுத் திருப்பிப் பாருங்கள், புரியும். துணி மிச்சம் பிடிக்க ஒரு துண்டை மட்டும் குறுக்குவாக்கில் வெட்டினாலும் வரி மாறிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டத்தின் கோடுகளையும் பார்க்கவேண்டும். நடுக்கோடு ஒன்றைப் பிடித்து, அதற்கு இடமும் வலமும் நிறங்கள் ஒரே வரிசையில் வந்தால் கவலை இல்லை. எங்கள் பள்ளித் துணி மாதிரி வெள்ளை, மெரூன் என்று ஒருபக்கமாகவே போனால், புரட்டினாலும் தப்பு தெரியும், தலைகீழாகத் திருப்பினாலும் தெரியும். கரையில் இருக்கிற ஊசி ஓட்டையைப் பார்த்து நல்ல பக்கம் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், ஆலைக்கு ஆலை அது மாறும். முடிச்சு, நூல் பிசிறு எந்தப் பக்கம் அதிகமோ அதை உள்ளே விடுங்கள், அவ்வளவுதான். வெட்டுவதற்கு முன்பே உள்பக்கம் முழுக்க சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டால் தீர்ந்தது.

இதெல்லாம் நெய்த கட்டத்துக்கு. அச்சடித்த கட்டத்தை நெய்தது என்று தள்ளிவிடுகிற கடைகளும் உண்டு. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். நெய்த கட்டமாக இருந்தால் நூல் நெடுக ஒரே நிறம். அச்சடித்தது என்றால் ஒரே நூலில் நீலம், வெள்ளை, மெரூன் என்று திட்டுத்திட்டாக இருக்கும். விலையைக் கேட்பதற்கு முன் இதைப் பாருங்கள் தோழிகளே, ஏனென்றால் காசு மிச்சமாவது இங்கேதான். நெய்த துணி ஸ்கர்ட் இரண்டு வருஷத்தில் வெளுத்தால் முழுக்கப் பிரித்து, துவைத்து, எல்லாத் துண்டையும் புரட்டித் தைக்கலாம். வெயில் படாத உள்முகம் வெளியே வந்துவிடும். பழைய மடிப்புத் தழும்பு கொஞ்சம் தெரியும்தான், புது பிளீட்டை அரை அங்குலம் தள்ளிப் பிடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். அச்சடித்த துணியில் இது நடக்காது.

பள்ளிக்கூடத்தாரிடமும் ஒன்று கேட்கிறேன். கட்டம் தேர்ந்தெடுக்கும்போது இடமும் வலமும் ஒத்துப்போகிற கட்டமாக, நெய்த துணியாகப் பார்த்து எடுக்கக் கூடாதா? கேட்லாக்கில் அழகாக இருக்கிறது என்று எடுத்துவிடுகிறார்கள். தைக்கிறவரும், காசு கட்டுகிறவரும், போட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளையும்தான் அவஸ்தைப்படுகிறார்கள்.

டெய்லரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நான் கத்தியதை அவர் மறந்த மாதிரி காட்டிக்கொண்டார், மறக்கவில்லை என்பது தெரிந்தது. பின்துண்டைப் பிரித்துப் புரட்டித் தைத்தார். மெரூனும் வெள்ளையும் ஒழுங்காக வந்துவிட்டன. கூலி வாங்க மாட்டேன் என்றவரிடம் பாதிக் கூலியாவது கொடுத்துவிட்டு வந்தேன். மூத்தவளின் போன வருஷத்து ஸ்கர்ட்டை இளையவளுக்காகப் பிரித்து ஊறவைத்திருக்கிறேன். உள்முகம் புதுசு மாதிரி இருக்கிறது.

— ஒரு வாசகி, புதுப்பட்டினம்.